‘நன்றி: கூகுள்’ என்று போடாதே, தங்கச்சி!

சமையல் குறிப்பு எழுதுகிறாய், கோயிலுக்குப் போய் வந்ததை எழுதுகிறாய், படித்த புத்தகத்தைப் பற்றி எழுதுகிறாய். ரொம்ப சந்தோஷம். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்து எழுதி முடித்தால் படம் ஒன்று வேண்டியிருக்கிறது. கூகுளில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டு, கீழே ‘நன்றி: கூகுள்’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறாய். அங்கேதான் தப்பு.

கூகுளா அந்தப் படத்தை எடுத்தது? எங்கே இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். வழி சொன்ன பெட்டிக்கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த வீட்டுக் கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கலாமா?

எனக்கே நடந்தது. முருங்கைக்கீரை அடையைப் படம் பிடித்துப் போட்டிருந்தேன். சில மாதம் கழித்து வேறொருவர் பக்கத்தில் அதே அடை, ‘எங்கள் வீட்டு அடை’ என்ற தலைப்போடு! எவர்சில்வர் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய என் அம்மா பேர்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அடை சுட்டது நான். படத்தைச் சுட்டது அவர். சொன்னதும் எடுத்துவிட்டார், நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். எல்லாரும் அப்படி விட மாட்டார்கள். அதனால் கேள்.

1. ‘யார் பேரும் இல்லையே’ என்று எடுக்காதே. படம் எடுத்த நொடியே உரிமை வந்துவிடும். பதிவு செய்ய வேண்டாம், முத்திரை வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2012இல் திருத்தியபின் புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள், அதற்கு மேல் 60 வருஷம். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சம்பாதிக்கச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனாலும் ‘ஒரு படம்தானே’ என்று இனிமேல் சொல்லாதே.

2. முதலில் உன் போனைத் தேடு. சமைக்கும்போதே ஜன்னல் பக்கம் தட்டை வைத்து நாலு படம் எடுத்து, தனி ஆல்பத்தில் போட்டு வை. பத்தரை மணி அவசரத்துக்கு உதவும். கோபுரமோ, பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையோ, நீயே படம் எடுத்துப் போடச் சட்டமே இடம் தருகிறது. ‘படம் எடுக்கக் கூடாது’ என்று போர்டு இருக்கும் இடத்தில் மட்டும் போனை உள்ளே வை.

3. இல்லையா, சரியான கடைக்குப் போ. விக்கிமீடியா காமன்ஸ், அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சாபே என்று இருக்கின்றன. கூகுளிலேயே தேடினால் ‘டூல்ஸ்’ அமுக்கி, ‘யூசேஜ் ரைட்ஸ்’ போய், ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ தேர்ந்தெடு. அதையும் அப்படியே நம்பாதே. படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, உரிமம் என்ன என்று உன் கண்ணால் பார்.

4. எழுத்தைப் பார்த்து எடு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் குட்டி எழுத்துகள் இருக்கும்:

- பிஒய்: எடுத்தவர் பேரைப் போடு.
- எஸ்ஏ: மாற்றினால், மாற்றியதையும் அதே உரிமத்தில் கொடு.
- என்சி: வியாபாரத்துக்கு ஆகாது. உன் பக்கத்தில் விளம்பரம் ஓடினால் கிட்டே போகாதே.
- என்டி: மாற்றியதை வெளியிடாதே. மேலே எழுத்துப் போடுவது, கலர் மாற்றுவது எல்லாம் வேண்டாம்.
- சிசி ஜீரோ: பேர்கூடக் கேட்க மாட்டார்கள். போட்டால் மரியாதை.

நேரமில்லையா? சிசி ஜீரோ, வெறும் பிஒய், இந்த இரண்டை மட்டும் எடு. தலைவலி கிடையாது.

5. பேர் போடுவதை ஒழுங்காகப் போடு. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பேர், படம் கிடைத்த பக்கத்துக்கு லிங்க், உரிமத்தின் பேர். இந்த நாலும் படத்துக்கு நேர் கீழே இருக்கட்டும். ஏதாவது மாற்றியிருந்தால் அதையும் சொல். ஒன்று ஞாபகம் வை: ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று வைத்திருப்பவர் படத்துக்கு நீ பேர் போட்டாலும் அது அனுமதி ஆகாது.

6. பழசு என்றால் இலவசம் என்று நினைக்காதே. ரவிவர்மா 1906இல் மறைந்தார். அவர் ஓவியங்களுக்குப் பயமில்லை. உன் பாட்டி வீட்டுக் காலண்டரில் சிரிக்கும் கோவில்பட்டி கொண்டையராஜுவின் முருகன்? அவர் மறைந்தது 1976. கணக்குப்படி 2036 முடிய வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ பற்றி எழுதுபவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டுவார்கள். கல்கி 1954இல் போய்விட்டார், கதை எல்லாருக்கும் பொது. படம் வரைந்த மணியம் மறைந்தது 1968. வந்தியத்தேவனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. மணியம் வரைந்த வந்தியத்தேவனை 2028 முடியும்வரை கேட்காமல் போடாதே.

7. விமர்சனத்துக்குச் சலுகை உண்டு, அலங்காரத்துக்கு இல்லை. விமர்சனம் செய்யும் புத்தகத்தின் அட்டையை, அலசும் காட்சியின் ஒரு ஸ்டில்லைக் காட்டச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாலு வரி எழுதிவிட்டுப் பத்து ஸ்டில் ஒட்டினால் அதற்குப் பேர் விமர்சனம் இல்லை.

8. வாயைத் திறந்து கேள். ‘வணக்கம். உங்கள் குளத்துப் படத்தை என் கட்டுரையில், உங்கள் பேரும் லிங்கும் கொடுத்துப் போடலாமா?’ இவ்வளவுதான். பாதிப் பேர் சந்தோஷமாகத் தருவார்கள். பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. ‘சரி’ என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.

9. இந்த மூன்றும் கூடவே கூடாது.

- வாட்டர்மார்க்கை வெட்டுவது, அழிப்பது. இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 2 வருஷம் வரை சிறை.
- அடுத்தவர் தளத்திலிருந்தே படத்தை நேராக இழுத்துக் காட்டுவது. உன் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவர் வீட்டு மோட்டார் ஓட வேண்டுமா?
- வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போடுவது. யாருடையது என்று அனுப்பியவருக்கே தெரியாது.

10. யாராவது கேட்டால் எகிறாதே. முதலில் படத்தை எடு, பிறகு மன்னிப்புக் கேள், அப்புறம் மற்றதைப் பேசு. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் பேர் போட மறந்திருந்தால், தப்பு தெரிந்த 30 நாளுக்குள் சரி செய்துவிடு. போன உரிமம் தானாகத் திரும்பி வந்துவிடும்.

இன்றைக்கு ராத்திரி புதிதாக எதுவும் எழுத வேண்டாம். இதுவரை எழுதியதில் ‘நன்றி: கூகுள்’ எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடு. படம் யாருடையது என்று தெரிந்தால் உரிமத்தைப் பார்த்துப் பேரைப் போடு, தேவைப்பட்டால் கேள். தெரியாவிட்டால் தூக்கிவிட்டு உன் வீட்டுத் தட்டைப் படம் பிடித்துப் போடு. ஓரம் நசுங்கிய தட்டாக இருந்தாலும் பரவாயில்லை. உன்னுடையது.