பாதையின் ஹக்கு: வாகனமோட்டிகளின் மனக்குறைகளும் வியாபாரிகளுக்கான பாடமும்



கடையடைத்த பின் நம்மவர் நாலு பேர் தேநீருக்கு உட்கார்ந்தால், பேச்சு சரக்கு விலையில் தொடங்கும். பிள்ளைகளின் படிப்புக்குப் போகும். முடிவில் காடியில் வந்து நிற்கும். ஒருவர் தம்முடைய பழைய சாகாவை இன்னும் விற்க மனமில்லை என்பார். இன்னொருவர் மைவியில் எத்தனை மூட்டை வெங்காயம் ஏற்றலாம் என்று கணக்குச் சொல்வார். அவரவர் காடி அவரவர்க்கு உசத்தி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. “இந்த ஊரிலே ஒருத்தனுக்கும் காடி ஓட்டத் தெரியலே” என்பதே அது.

குறை சொல்லும் பத்துப் பேரும் ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் என்றால், குறை செய்கிறவர் எங்கிருந்து வருகிறார்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

நம் ஊரும் நம் தெருக்களும்

ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் மோட்டார் காருக்காகப் போடப்பட்டவை அல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் இந்த ஊரை அமைத்தபோது லைட் ஸ்ட்ரீட், பீச் ஸ்ட்ரீட், பிட் ஸ்ட்ரீட், மலபார் ஸ்ட்ரீட் ஆகிய நான்கையும் எல்லையாக வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்களை வகுத்தார். அந்த மலபார் ஸ்ட்ரீட்தான் இன்றைய சூலியா ஸ்ட்ரீட். பிட் ஸ்ட்ரீட்டுக்கு இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்று பெயர். அந்நாளில் அங்கே நடந்தவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மனிதரின் கால்களுமே.

பிறகு காலம் மாறிற்று. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் புரோட்டோன் சாகா விற்பனைக்கு வந்தது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. 2005இல் மைவி வந்தது. அதுவரை பெரிய முதலாளிக்கு மட்டுமே எட்டிய கார், சில்லறைக் கடைக்காரருக்கும் கடைச் சிப்பந்திக்கும் எட்டியது. இது நல்ல காரியந்தான். ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 17 லட்சம் மக்கள் வாழும் இந்த மாநிலத்தில், பதிவான வாகனங்களின் தொகை மக்கள் தொகையையும் மிஞ்சி நிற்கிறது.

2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்டது. பழைய கட்டடங்களை இடித்துத் தெருவை அகலமாக்குவது இனி நடவாது. 2014இல் 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலமும் வந்தது. ஆனால் பாலங்கள் காடிகளை ஊருக்குள் கொண்டு வருமே தவிர, ஊருக்குள் இடத்தை உண்டாக்கா. 2021 தொடக்கத்திலிருந்து பெர்ரியிலும் கார்கள் ஏற்றப்படுவதில்லை. ஆகவே பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஒவ்வொரு காரும் பாலத்தின் வழியாகவே வந்தாக வேண்டும். தெரு அகலப் போவதில்லை. ஓட்டுகிறவர் மனந்தான் அகல வேண்டும்.

இனி, நம்மவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் குறை: இரட்டை வரிசையில் நிறுத்துதல்

முறையாக நிறுத்திய காருக்குப் பக்கத்தில் இன்னொரு காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பக்கச் சிக்னல் விளக்கையும் கண்சிமிட்ட விட்டுவிட்டு, ஆள் போய்விடுவார். விளக்கு சிமிட்டினால் தப்பு மன்னிக்கப்பட்டுவிடும் என்று நினைப்பு. ஆபத்துக் காலத்துக்கு வைத்த விளக்கு, ரொட்டி சானாய் வாங்கப் போனதை அறிவிக்கும் விளக்காகிவிட்டது!

வெள்ளிக்கிழமை மதியத்தில் இது உச்சத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யக் குறித்த நேரத்துக்குப் போயாக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வீட்டுக் காரை மறித்து ஒருவர் தம் காரை நிறுத்திவிட்டுத் தொழப் போய்விட்டார். கண்ணாடியில் தொலைபேசி எண்கூட வைக்கவில்லை. அந்த அம்மாள் வெயிலில் காருக்குள் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். வந்தவர் சிரித்த முகத்தோடு, “அஞ்சு நிமிஷந்தானே பாய்” என்றார்.

பாதைக்கும் ஹக்கு உண்டென்று ஓதுகிற வயதிலேயே நாம் கேட்டவர்கள். வழியில் கிடக்கும் இடைஞ்சலை எடுத்துப் போடுவது நன்மையென்று உஸ்தாத் நமக்குச் சொல்லித் தந்தார். நாமே போய் வழியில் இடைஞ்சலாகக் கிடந்தால் அதற்கு என்ன பெயர்? தொழுகைக்குப் போகிறவர் பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டு, சற்றுத் தொலைவில் முறையாக நிறுத்திவிட்டு நடந்து வந்தால் ஒருவருக்கும் தொந்தரவில்லை.

இரண்டாங் குறை: சிக்னல் போடாமல் திரும்புதல்

சிக்னல் விளக்குக்குத் தனிச் செலவு கிடையாது, காரோடு வந்ததுதான். இருந்தும் அதைப் போட மனம் வருவதில்லை. சிலர் திரும்பி முடித்த பிறகு போடுவார்கள். அது சரக்கை விற்றுத் தீர்த்த பிறகு விலைப்பலகை மாட்டுவது போல. முதலில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், அடுத்துச் சிக்னல், பிறகு தோளுக்குப் பின்னே ஒரு பார்வை, கடைசியில்தான் ஸ்டீரிங். கண்ணாடியில் தெரியாத மூலையில்தான் மோட்டார் சைக்கிள்காரர் வருவார்.

மூன்றாங் குறை: ஒட்டிக்கொண்டு வருதல்

பாலத்தில் போகும்போது பின்னால் ஒரு கார் முதுகைத் தொடுவது போல வரும். இதில் கணக்கு இருக்கிறது. வியாபாரிகளுக்குக் கணக்குச் சொன்னால் விளங்கும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடிக்குச் சுமார் 22 மீட்டர் ஓடுகிறது. முன்னே ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதாவது பிரேக் பிடிப்பதற்கு முன்பே 22 மீட்டர் போய்விடும். அதன் பிறகுதான் கார் நிற்கத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நாற்பதில் நிற்பதைப் போல எண்பதிலும் நிற்கலாம் என்பவர் தப்புக் கணக்குப் போடுகிறார்.

ஆகவே முன் காருக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். முன் கார் ஒரு கம்பத்தைக் கடந்ததும் நிதானமாக “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால், மிக அருகில் வருகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் நான்கு விநாடி விடுங்கள். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், ரோட்டில் படிந்த எண்ணெய் மேலே மிதந்து வழுக்கும். அரிசி மூட்டை ஏற்றிய வேனுக்கு நிற்க இன்னும் அதிக தூரம் தேவை.

நான்காங் குறை: வரிசையை உடைத்துப் புகுதல்

பாலத்துக்கு ஏறும் வழியில் நூறு கார்கள் வரிசையாக நிற்கும். ஒருவர் பக்கத்துத் தடத்தில் கடைசிவரை ஓடிவந்து, மூக்கை நுழைப்பார். நம் கடையில் பத்துப் பேர் காத்திருக்கும்போது பதினொன்றாமவர் வந்து தராசைப் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா? ஒருவர் புகுந்தால் பின்னால் உள்ளவர் பிரேக் பிடிக்கிறார். அவருக்குப் பின்னவர் இன்னும் அழுத்திப் பிடிக்கிறார். கடைசியில் தொலைவில் ஒருவர் முழுதாக நின்றே போகிறார். காரணம் தெரியாத நெரிசல் பல இப்படித்தான் பிறக்கின்றன. அதிலும் அவசரத் தடத்தில் ஓடுகிறவர் ஆம்புலன்சின் வழியை அபகரிக்கிறார்.

ஐந்தாங் குறை: விளக்கின் பாஷையும் ஹாரனும்

எதிரே வருபவர் விளக்கை இருமுறை அடித்தால் என்ன பொருள்? இங்கே பெரும்பாலும் “நான் வருகிறேன், நில்” என்று பொருள். வேறு சிலர் அதையே “நீ முதலில் போ” என்று மரியாதைக்காக அடிக்கிறார்கள். இங்கிலாந்தின் சாலை விதிநூலோ, “நான் இங்கே இருக்கிறேன்” என்று தெரிவிப்பதற்கு மட்டுமே விளக்கடிக்கலாம் என்கிறது. ஒரே விளக்குக்கு மூன்று அர்த்தம் இருந்தால் விபத்து வராமல் என்ன செய்யும்? எனவே விளக்கை நம்பிப் போகாதீர்கள். எதிர்க் கார் உண்மையில் நின்றதைக் கண்ட பிறகு போங்கள்.

ஹாரன் விஷயமும் இப்படியே. ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கம் போனால், ஹாரன் அடிக்கச் சொல்லி லோரியின் முதுகிலேயே எழுதியிருப்பதைக் காணலாம். அங்கே ஹாரன் ஒரு தகவல். இங்கே அது வசவுக்குச் சமம். ஊருக்குப் போய்த் திரும்பியவர் அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.

ஆறாங் குறை: மோட்டார் சைக்கிள்

கார்க்காரரைக் கேட்டால் மோட்டார் சைக்கிள்காரர் இரு பக்கமும் நுழைகிறார், ஒருவழித் தெருவில் எதிரே வருகிறார், அஞ்சடியில் ஏற்றி நிறுத்துகிறார் என்பார். மோட்டார் சைக்கிள்காரரைக் கேட்டால், கார்க்காரர் பாராமல் கதவைத் திறக்கிறார், தம்மை ஒரு வாகனமாகவே மதிப்பதில்லை என்பார். இரண்டும் உண்மை. ஆனால் மோதினால் கார்க்காரருக்குத் தகரம் நசுங்கும். மற்றவருக்கு எலும்பு நொறுங்கும். 2023இல் மலேசியச் சாலைகளில் மாண்டவர் 6,000 பேருக்கு மேல். நம் நாட்டில் அப்படி மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். காரின் கதவை அதற்கு எட்டாத பக்கத்துக் கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

ஏழாங் குறை: கையில் தொலைபேசி

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கைப்பேசியைப் பார்ப்பது, 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். இது சட்டப்படியும் குற்றம். “வியாபார அழைப்பு, எடுக்காமல் முடியுமா?” என்று கேட்பார்கள்.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. வேன் ஓட்டும் தம்பியை நடுவழியில் அழைத்து, “எங்கே வந்துக்கிட்டிருக்கே? இன்னும் வரலியா?” என்று அதட்டுகிறவர் யார்? நாம்தான். ஒரு மணி நேர வேலையை அரை மணியில் முடிக்கச் சொல்லிப் பையனை மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறவர் யார்? நாம்தான். சரக்கிறக்க இடமும் நேரமும் ஏற்பாடு செய்யாமல், தெருவை மறித்து லோரியை நிறுத்த வைப்பவர் யார்? அதுவும் நாம்தான். தெருவில் காணும் குறைகளில் பல நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பிறக்கின்றன. பிறர் செய்வதாக எண்ணி நாம் நொந்துகொள்ளும் குறையின் ஒரு நுனி நம் கையில் இருக்கிறது.

பற்று வரவுக் கணக்கு

நல்லொழுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். நஷ்டக் கணக்கையும் பார்ப்போம். ஓராண்டு இழப்பீடு கேளாமல் சொந்தக் காரை ஓட்டினால், இன்ஷூரன்சில் 25 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 30, 38⅓, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 55 சதவீதம் ஆகிறது. சரக்கு வண்டிகளுக்கு 15, 20, 25 சதவீதம். நம் தவற்றால் மோதி நம் இன்ஷூரன்சில் இழப்பீடு கேட்டால், ஏறிய படியெல்லாம் சரிந்து பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

தள்ளுபடியில்லாத கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவர் கட்டுவது 450 வெள்ளி. ஒரு முறை இழப்பீடு கேட்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் கட்ட வேண்டியவை 1,000, 750, 700, 617, 550 வெள்ளி. ஆண்டுக்கு 450 கட்டியிருக்க வேண்டியவர், கூடுதலாகச் சுமார் 1,367 வெள்ளி கட்டுகிறார். வேன் பட்டறையில் கிடக்கும் நாட்களின் வியாபார நஷ்டம் வேறு. மிச்சமான ஐந்து நிமிஷத்தின் விலை இது! எப்படியானாலும், விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் எழுதிவைக்கத் தவறாதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

1. வண்டியோட்டும் சிப்பந்தியை ஓட்டும் நேரத்தில் அழைப்பதில்லை என்று முதலாளி உறுதி கொள்ள வேண்டும். அவர் இறங்கியதும் தாமே அழைப்பார்.

2. சரக்கிறக்கும் நேரத்தைக் காலை நெரிசலுக்கு முன்னதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

3. ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்க வேண்டும். தவிர்க்க முடியாத நேரத்தில் அது ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும். ஆனால் தெருவை மறிக்க அது அனுமதிச் சீட்டாகாது.

4. டயரையும் பிரேக்கையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். முன்னிருக்கைக்கு 1979 முதலும் பின்னிருக்கைக்கு 2009 முதலும் இருக்கை வார் கட்டாயம். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றும்போது மறவாதீர்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

அ. உங்கள் கடை வாசலில் இன்று யாருடைய வழியாவது மறிக்கப்பட்டதா?

ஆ. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி எத்தனை மீட்டர்?

இ. உங்கள் சிப்பந்தி அவசரமாக ஓட்டுவது அவர் சுபாவத்தாலா, உங்கள் உத்தரவாலா?

இவற்றைக் கடைச் சிப்பந்திகளோடு உட்கார்ந்து பேசுங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவர்களை முதலில் பதில் சொல்ல விடுங்கள். நாம் குறுக்கே பேசாமல் கேட்டு, ஆவன செய்வோமாக.