தெரிந்துகொள்வோம்: டி.வி.எஸ். பஸ்ஸும் ஈப்போ எக்ஸ்பிரஸ்ஸும்

கேள்வி: என் தாத்தா மதுரைப் பக்கத்திலிருந்து பத்து காஜா தோட்டத்துக்கு வந்தவர். யாராவது சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால், “டி.வி.எஸ். பஸ் மாதிரி வந்துட்டான்” என்பார். டி.வி.எஸ். என்றால் எனக்கு மோட்டார் சைக்கிள்தான் தெரியும். அவர்கள் பஸ்ஸும் ஓட்டினார்களா?
– வாசகி, பத்து காஜா

பதில்: ஓட்டினார்கள், அம்மா. மோட்டார் சைக்கிள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஓட்டினார்கள். அந்தக் குழுமம் வளர்ந்ததே பஸ் தொழிலில்தான்.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு, 1911இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டே மதுரையில் பஸ் விட்டார். தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்து ஒரு தொழிலாக வேர்விட்டது அங்கிருந்துதான் என்பார்கள். பிறகு அவருடைய பஸ்களும் லாரிகளும் ‘சதர்ன் ரோட்வேஸ்’ என்ற பெயரில் ஓடின.

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். சாலைகள் மாட்டு வண்டிகளுக்காகப் போட்டவை. வண்டியும் உதிரி பாகமும் கப்பலில் வரவேண்டும். ஒரு பாகம் உடைந்தால் அடுத்த கப்பல் வரும்வரை பஸ் கொட்டகையில் நிற்கும். ஆகவே, பஸ் நேரத்துக்குப் போகவேண்டுமென்றால் முதலில் பட்டறை நன்றாக இருக்கவேண்டும். டி.வி.எஸ். அதில்தான் கவனம் வைத்தது. பழுது பார்ப்பதில் தொடங்கியவர்கள் உதிரி பாகம் விற்றார்கள், பிறகு அவற்றைத் தாங்களே செய்யவும் ஆரம்பித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. சக்கரமும் பிரேக்கும் பஸ் முதலாளியின் அன்றாடக் கவலைகள். அந்தக் கவலையே பின்னாளில் பெரிய தொழிற்குழுமமாக விரிந்தது என்பது என் கணிப்பு.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனது. சுந்தரம் அய்யங்கார் வண்டியை நிறுத்திவிடவில்லை. கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்டும் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற சாதனத்தை உருவாக்கி விற்றார். இப்படி ஓடிய டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திவைப்பார்கள் என்ற பேச்சு மதுரை வட்டாரத்தில் இன்றும் உண்டு. உங்கள் தாத்தா கப்பலேறும்போது கூடவே கொண்டுவந்தது அந்தப் பேச்சைத்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மதுரையில் அந்த முதல் பஸ் ஓடிய அதே ஆண்டுகளில்தான் இங்கே கிந்தா பள்ளத்தாக்கில் காட்டை வெட்டி ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். உலகமெங்கும் மோட்டார் வண்டிகள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கிந்தா கெல்லாஸ் தோட்டத்துக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் வந்தது அந்தத் தேவையால். ஊரில் பஸ் ஓட்டியவரும் இங்கே பால் வெட்டியவரும் ஒரே தொழிலின் இரு முனைகளில் நின்றார்கள். நம் வரலாற்றைப் பேசும்போது இதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

1972இல் தமிழ்நாட்டு அரசு பெரிய தனியார் பஸ் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. டி.வி.எஸ். ஓட்டிய மதுரை வழித்தடங்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. தொலைதூரச் சேவைக்கென்று 1980இல் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997இல் தலைவர்கள், மன்னர்கள் பெயர்களெல்லாம் கழகங்களிலிருந்து நீக்கப்பட்டன. நீங்கள் ஊருக்குப் போனால் சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறும் அரசு விரைவு பஸ் அந்தத் திருவள்ளுவரின் வாரிசு.

கேள்வி: ஈப்போ–கோலாலம்பூர் எக்ஸ்பிரஸ் பஸ் எப்படி வந்தது? முன்பெல்லாம் ரயில்தானே?
– வாசகர், பத்து காஜா

பதில்: ஆமாம், ரயில்தான். 1903இலேயே பிறையிலிருந்து சிரம்பான்வரை ரயில் பாதை இணைந்துவிட்டது. உங்கள் ஊர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. தொலைவு என்றால் ரயில், பக்கத்து ஊர் என்றால் பஸ் என்று பல காலம் இருந்தது. தோட்டத்திலிருந்தும் ஈயச் சுரங்கத்திலிருந்தும் டவுனுக்குப் போய்வருவதுதான் பஸ்ஸின் வேலை.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. அமெரிக்காவின் கிரேஹவுண்ட் கம்பெனியும் இப்படிப் பிறந்ததுதான். 1914இல் மினசோட்டா மாநிலத்து ஹிப்பிங் என்ற சுரங்க நகரில், சுவீடனிலிருந்து குடியேறிய கார்ல் எரிக் விக்மன், விற்க முடியாமல் கிடந்த ஏழு பேர் உட்காரும் காரில் இரும்புச் சுரங்கத் தொழிலாளிகளைப் பக்கத்து ஊருக்கு ஏற்றிப்போனார். தூரம் சில மைல்தான். அது நாடு முழுதும் ஓடும் கம்பெனியானது.

நம் நாட்டில் 1966இல் அமைந்த மாரா என்ற அரசு அமைப்பு நடத்திய பஸ் சேவைகளின் வழியில் வந்ததுதான் டிரான்ஸ்நேசனல் கம்பெனி. 1976இல் கோலாலம்பூரில் புடுராயா பஸ் நிலையம் திறந்தது. ஈப்போவிலிருந்து போகிறவர்கள் கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து போய் அங்கே இறங்குவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் சிலாங்கூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன காலத்தில், தீபாவளிக்கு வீடு திரும்ப அவர்கள் முண்டியடித்து நின்றதும் அங்கேதான்.

1994 செப்டம்பரில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின் எல்லாம் மாறியது. சுமார் 200 கிலோமீட்டர் பயணம் மிகவும் சுருங்கியது. ஊர் ஊராக நிற்கும் வழக்கம் போனது, கம்பெனிகள் பெருகின. 2011இல் கோலாலம்பூரில் தாசிக் செலாத்தான் பஸ் முனையம் வந்தது. 2012இல் ஈப்போவின் எக்ஸ்பிரஸ் பஸ்கள் மேடான் கோப்பேங்கை விட்டு மேரு ராயாவின் அமான்ஜெயா முனையத்துக்குப் போயின. அதை நடத்தும் பேராக் டிரான்சிட் பஸ் ஓட்டும் கம்பெனிதான். ஆனால் முனையத்தின் கடை வாடகையும் விளம்பர வாடகையும் அதற்கு முக்கிய வருமானம். டிக்கெட் காசை மட்டும் நம்பிப் பஸ் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தக் கடினம்தான் ஆபத்தையும் கொண்டுவருகிறது. 2007 ஆகஸ்டில் புக்கிட் கந்தாங் அருகே ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2025 ஜூனில் கெரிக் பக்கம், வாடகைக்கு அமர்த்திய பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். உரிமம் ஒருவரிடம், பஸ்ஸை ஓட்டுவது வேறொருவர் என்ற நிலை அந்த விசாரணையில் வெளிவந்தது. உரிமத்தை வாடகைக்கு விடுகிறவரைப் பஸ் கம்பெனி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தன் பஸ், தன் பட்டறை, தான் பழக்கிய ஓட்டுநர் என்று இருப்பதுதான் பஸ் கம்பெனி. 1912இல் மதுரையில் புரிந்த விஷயம் இது. இன்று உரிமம் கொடுப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கேட்கவேண்டும்.

சீட் பெல்ட் உள்ள எக்ஸ்பிரஸ் பஸ்களில் பயணிகளும் அதை அணிவது 2025 ஜூலை 1 முதல் கட்டாயம். அமான்ஜெயாவில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் போட்டுவிடுங்கள்.