தக்காளிச் செடி: எதைக் கிள்ளலாம், எதை விடலாம்?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நம் குடும்பங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அதுபோன்ற மாதங்களில் வீட்டில் நாலைந்து செடிகள் இருந்தாலே பெரிய உதவி. ஆனால், "செடி மதமதவென்று வளருது, காய்தான் சரியா இல்லை" என்று பல சகோதரிகள் சொல்வதுண்டு. இதற்கு ஒரு வழி கவாத்து செய்வது, அதாவது வேண்டாத கிளைகளைக் கிள்ளிவிடுவது. அதை ஆளுக்கொரு விதமாகச் செய்யாமல், செடியைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

முதலில் ரகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தக்காளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓரளவு உயரத்தோடு நின்று புதர் போல் கிளைக்கும் குட்டை வகை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 இந்த வகை. இதற்குக் கிளைகளில்தான் காய் பிடிக்கும். கிளைகளைக் கிள்ளினால் விளைச்சலையே கிள்ளியதாகிவிடும். தரையில் படும் இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

இன்னொன்று, கொடி போல் உயர்ந்துகொண்டே போகும் வகை. செர்ரி தக்காளியில் பெரும்பாலானவை இப்படித்தான். கவாத்து இந்த வகைக்கே தேவை.

எப்படிக் கிள்ளுவது?

தண்டும் இலைக்காம்பும் சேரும் இடுக்கில் சிறு தளிர் வரும். அதுதான் பக்கக் கிளை. விரல் நீளம் வளர்வதற்குள் கையாலேயே கிள்ளிவிடுங்கள். பூங்கொத்து அந்த இடுக்கில் வராது, தண்டிலிருந்து நேராக வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பூவைக் கிள்ளிவிடாதீர்கள்.

முதல் பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே வரும் கிளை வலுவானது. அதை மட்டும் விட்டு, செடியை இரண்டு தண்டாக வளர்த்துக் குச்சியில் தளர்வாகக் கட்டுங்கள். காய்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். ஆனால் காய் பருமனாக இருக்கும், காற்றோட்டம் கிடைப்பதால் நோயும் குறையும்.

கவனிக்க வேண்டியவை:

• இலை ஈரமாக இருக்கும்போது கிள்ள வேண்டாம். வெயில் வந்து காய்ந்த பிறகு செய்யுங்கள்.

• காய்களுக்கு நிழல் தரும் இலைகளை எடுக்காதீர்கள். நம் வெயிலில் காய் வெந்து வெளுத்துவிடும்.

• பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே செடியைத் தொட வேண்டும். புகையிலையிலிருந்து நச்சுயிரி நோய் செடிக்குத் தொற்றும்.

• இலை சுருண்டு, வளர்ச்சி நின்றுபோன செடியைக் கவாத்து செய்து காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வெள்ளை ஈ அந்த நோயை மற்றச் செடிகளுக்கும் கொண்டுபோய்விடும்.

கவனிக்காமல் ஒரு சாண் வளர்ந்துவிட்ட கிளையை நறுக்கினால் வீசிவிட வேண்டாம். ஈர மண்ணில் ஊன்றி நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். விதைக்குக் காசு செலவில்லாமல் அடுத்த வீட்டுக்கும் ஒரு செடி கொடுக்கலாம்.