அடுத்தவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பது எப்படி?

2024 டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். ஞாயிறுதோறும் ஆராதனையில் ஊருக்காகப் பொது ஜெபம் ஏறெடுக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் புதைந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு, அடுத்த மழையில் தூக்கம் வருமா என்ற பயம் இருக்கும். அவரிடம் போய்க் கேட்டவருக்குத்தான் அது தெரியும். பிறருக்காக ஜெபிப்பது அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

ஆகவே முதல் வேலை, கேட்பது. "ஜெபிச்சுக்கறேம்மா" என்று ஆலய வாசலில் சொல்லிவிட்டுப் போவது நமக்குப் பழகிவிட்டது. அதற்குப் பதிலாக, "என்னன்னு ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.க்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்வந்தவர் என்றால் அடுத்த பரிசோதனை என்றைக்கு, ரிப்போர்ட் எப்போது வரும், துணைக்குப் போக ஆள் இருக்கிறதா என்றெல்லாம் கேளுங்கள். நோயாளி கேட்பது பெரும்பாலும் நாம் நினைப்பதாக இருக்காது. அறுவை சிகிச்சைக்காக ஜெபிக்கச் சொல்வார் என்று காத்திருப்போம். அவரோ வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்காக ஜெபிக்கச் சொல்வார்.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், விஷயம், தேதி. ஒரு நாளைக்கு ஐந்தாறு பெயருக்கு மேல் வேண்டாம். ஐம்பது பெயரை ஒரே மூச்சில் வாசித்தால் அது வருகைப் பதிவேடாகிவிடும். திங்கள் நோயாளிகள், செவ்வாய் பிள்ளைகள், புதன் வேலை தேடுவோர் என்று கிழமை பிரித்துக்கொள்ளலாம். மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு வரும்போது, டேனிஷ் மிஷன் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ எழுதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எந்த மதமானாலும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் வரட்டும்.

அடுத்தது ரகசியம். இதில் நம் சபைகளுக்கு மிகுந்த கவனம் தேவை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு வீட்டுச் சங்கதி வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டால், மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். தட்டிப்போன சம்பந்தம், கணவனின் குடி, கழுத்தை நெரிக்கும் கடன், கலைந்த கர்ப்பம் எல்லாம் பரிதாபத்தோடுதான் பகிரப்படுகின்றன. ஆனால் அந்தப் பெண் அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வரும்போது எல்லோர் கண்ணும் அவள் மேல் இருக்கும். பிறகு அவள் வரவே மாட்டாள். உரியவர் வாய்விட்டுச் சம்மதிக்காமல் பெயரைக் குழுவில் போடாதீர்கள். "ஒரு குடும்பத்துக்காக" என்றால் போதும், ஆண்டவருக்கு முகவரி தெரியும். ஒருவர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி. தொற்று விவரத்தைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது.

படுக்கையருகே ஜெபிக்கப் போனால் அனுமதி கேட்டு, தணிந்த குரலில், இரண்டு மூன்று நிமிடத்தில் முடியுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான். தலையில் கை வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வையுங்கள். "நிச்சயம் சுகமாகிவிடும்" என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். சுகமாகாதபோது "விசுவாசம் போதவில்லை" என்று சொல்வது, வலியில் கிடப்பவர் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது. திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை மாற்கு சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். இயேசு பார்த்தது தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தையும்தான். படுத்திருந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

நம் ஊரில் அண்டைவீட்டார் பெரும்பாலும் வேறு சமயத்தார். அவர்களுக்காக ஜெபிப்பது எப்படி? "உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணட்டுமாக்கா?" என்று கேளுங்கள். பலர் மகிழ்ச்சியாகச் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, சாப்பாடு கொண்டுவரட்டுமா என்று கேளுங்கள். ஒருவருடைய துன்பத்தைத் தூண்டில் ஆக்குவது ஜெபம் ஆகாது.

எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொன்னார். நாம் வாழ்வதோ நம் சொந்த ஊரில். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் லட்சக்கணக்கானவர்கள், தூக்கமில்லாமல் பேருந்து ஓட்டும் ஓட்டுநர்கள், மறுநாள் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், பாதுகாப்புக்கு நிற்கும் காவலர்கள் எல்லோரும் நம் நோட்டில் இருக்க வேண்டியவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லிப் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில் பலர் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். கூலிக்காக வெளியூர் போகும் ஜவ்வாதுமலைக் குடும்பங்களை இன்றும் பெயர் சொல்லி நினையுங்கள்.

நடமாட முடியாத முதியவர்களுக்கு இந்த ஊழியத்தில் பெரிய இடம் உண்டு. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். எழுத்தும் ஜெபமும் அங்கிருந்தே நடந்தன. உங்கள் பாட்டியிடம் நோட்டைக் கொடுங்கள். மார்ச் முதல் வெள்ளியில் வரும் உலக ஜெப நாளுக்கும், முடிந்தால் அவரை அழைத்துப் போங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதித் தருகிறார்கள். 2024இல் பாலஸ்தீனப் பெண்கள், 2026இல் நைஜீரியப் பெண்கள்.

கடைசி வேலை, திரும்பிப் போவது. ரிப்போர்ட் வரும் நாளில் போன் செய்யுங்கள். நல்ல செய்தியானால் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள். இறந்துவிட்டால் பெயரை அடித்துவிடாதீர்கள். அதற்குக் கீழே மனைவி, பிள்ளைகள் பெயரை எழுதி ஒரு வருடமாவது ஜெபியுங்கள். பசியாய் இருப்பவருக்கு வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புவதை யாக்கோபு கடுமையாகக் கண்டிக்கிறார். ஆகவே ஜெபித்து எழுந்ததும் அரிசியோ, ஆட்டோவுக்குப் பணமோ, ஆஸ்பத்திரியில் ஒரு இரவுத் துணையோ முடிந்ததைச் செய்யுங்கள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒருவரிடம் மட்டும் போய், என்னவென்று ஜெபிக்கட்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, அன்றிரவே ஜெபித்துவிடுங்கள்.