செல் பயாலஜி மேற்படிப்பு: நீங்க பணம் கட்டணுமா, அவங்க உங்களுக்குக் கொடுக்கணுமா?



பயோடெக் அல்லது லைஃப் சயின்ஸ் டிகிரி முடிச்சிட்டு, ஒரு பார்மா கம்பெனியிலோ லேப்லயோ மாசம் 40,000 ரூபாய் சம்பளத்துல இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். செல் பயாலஜி, அனாடமி பக்கம் மேற்படிப்பு படிக்க ஆசை, முக்கியமா அமெரிக்காவுல. எந்த யூனிவர்சிட்டின்னு தேடறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: இந்தப் படிப்புக்கு யார் பணம் கட்டப் போறாங்க?

1. எம்.எஸ் வேற, பிஎச்டி வேற

ஐடி நண்பர்கள் "முதல்ல எம்.எஸ் போ, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்வாங்க. இந்தத் துறைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அமெரிக்காவில் உயிரியல் மருத்துவத் துறைகளில் பெரும்பாலான பிஎச்டி மாணவர்களுக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. மாதாமாதம் ஸ்டைபெண்டும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் உண்டு. எம்.எஸ் பெரும்பாலும் சொந்தச் செலவு. நாலு வருட டிகிரியும் நல்ல லேப் அனுபவமும் இருந்தா, எம்.எஸ் இல்லாமலேயே பல பிஎச்டி புரோகிராம்களுக்கு நேரடியா விண்ணப்பிக்கலாம்.

ஆனா பிஎச்டி 5, 6 வருஷம் ஆகும். ஆராய்ச்சியில் நிஜமான விருப்பம் இருந்தா மட்டும் போங்க. இலவசம்ங்கிற ஒரே காரணத்துக்காகப் போகாதீங்க.

2. கடன் கணக்கு

ஒரு உதாரணம். எம்.எஸ்-க்கு 40 லட்சம் கடன், வருஷத்துக்கு 20 லட்சமா ரெண்டு தவணை. வட்டி 11%. படிக்கிற 2 வருஷமும் அடுத்த 6 மாசமும் இஎம்ஐ இல்லை.

- அந்த 30 மாசத்துல சேரும் தனி வட்டி: 8.8 லட்சம்
- இஎம்ஐ தொடங்கும்போது பாக்கி: 48.8 லட்சம்
- 10 வருஷத்துக்கு இஎம்ஐ: சுமார் 67,200 ரூபாய்
- கட்டி முடிக்கும்போது மொத்தம்: 80 லட்சத்துக்கு மேல்
- விட்டுட்டுப் போற 2 வருஷச் சம்பளம்: 9.6 லட்சம்

அமெரிக்காவில் வேலை கிடைச்சா சமாளிச்சிடலாம். கிடைக்காம ஊருக்குத் திரும்பினா, இப்போ வாங்கற சம்பளத்தை விட இஎம்ஐ பெருசு. கோ-பாரோயரா கையெழுத்துப் போட்ட அப்பா அம்மாதான் மாட்டிக்குவாங்க. இந்தத் துறை ஸ்டெம் பட்டியலில் வருவதால் ஓபிடி 12 மாசமும், தகுதியுள்ள வேலையில் இருந்தா கூடுதலா 24 மாசமும் கிடைக்கும். ஆனா அது வேலை செய்ய அனுமதி மட்டும்தான், வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

3. வரிச் சலுகையை நம்பி முடிவெடுக்காதீங்க

வருமான வரியில் கல்விக் கடன் வட்டி முழுவதையும் கழிக்கலாம், அதிகபட்சம் 8 வருஷம். அசலுக்குக் கிடையாது. பழைய வரி முறையில் இருக்கறவங்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு இந்தியாவில் வருமானமே இல்லேன்னா பயனில்லை. கோ-பாரோயரான அப்பா தன் வருமானத்திலிருந்து வட்டி கட்டினா அவர் கிளைம் பண்ணலாம். அவர் எந்த வரி முறையில் இருக்கார்னு பாருங்க.

4. பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

அமெரிக்காவில் அனாடமி, மெடிக்கல் சயின்ஸ் என்ற பெயரில் ஒரு வருட மாஸ்டர்ஸ் நிறைய உண்டு. அதில் பல, மெடிக்கல் அல்லது டென்டல் காலேஜ் சீட்டுக்கு முயற்சி பண்றவங்க மார்க்கைத் தூக்கிக்காட்ட வடிவமைக்கப்பட்டவை. வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் அமெரிக்க மெடிக்கல் காலேஜ்களோ குறைவு. அதனால ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி, "போன வருஷம் முடிச்ச வெளிநாட்டு மாணவர்கள் இப்போ எங்கே இருக்காங்க?"ன்னு மெயிலில் கேளுங்க.

5. ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியவை

- ஸ்டைபெண்ட் எத்தனை வருஷத்துக்கு உறுதி? முதல் வருஷம் மட்டுமா?
- வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதே தொகையா?
- அந்த ஊர் வாடகை போக கையில் எவ்வளவு நிக்கும்?
- முதல் வருஷம் சில லேப்களில் மாறி மாறி வேலை செஞ்சு கைடைத் தேர்ந்தெடுக்கும் முறை பல இடங்களில் உண்டு. மாணவர் எடுக்க நிதியுள்ள லேப்கள் எத்தனை?

கடைசிக் கேள்வி முக்கியம். 2025-ல் அரசு ஆராய்ச்சி நிதி நெருக்கடியால் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பிஎச்டி சேர்க்கையையே குறைச்சாங்க.

6. இந்தியாவை ஒதுக்காதீங்க

பெங்களூரு என்சிபிஎஸ், ஐஐஎஸ்சி, ஹைதராபாத் சிசிஎம்பி எல்லாம் செல் பயாலஜியில் பெரிய பெயர்கள். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கினா முதல் 2 வருஷம் மாசம் 37,000, பிறகு எஸ்ஆர்எஃப் ஆனா 42,000 ரூபாய். இது 2023 ஜனவரி முதல் உள்ள விகிதம். விடுதி இல்லேன்னா ஹெச்ஆர்ஏ தனி. உங்க 40,000 சம்பளத்தோட ஒப்பிட்டா பெரிய இறக்கம் இல்லை, கடனும் இல்லை. ஆனா பிஎஃப் கிடையாது. ஃபெலோஷிப் பணம் சில நேரம் தாமதமா வரும். கையில் 6 மாசச் செலவுக்குப் பணம் வெச்சுக்கிட்டு வேலையை விடுங்க.

சுருக்கமா: ஆராய்ச்சிதான் இலக்குன்னா, ஸ்டைபெண்டோட வர்ற பிஎச்டி சீட்டுக்கு முதல்ல முயற்சி பண்ணுங்க. எம்.எஸ் தான்னா, எந்த வேலைக்குன்னு எழுதி வெச்சுட்டு, அந்த வேலையோட இந்தியச் சம்பளத்தில் இஎம்ஐ கட்ட முடியுமான்னு போட்டுப் பாருங்க. முடியலேன்னா கடன் தொகையைக் குறைக்க வழி தேடுங்க, இல்லேன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. அந்த ஒரு வருஷ லேப் அனுபவம் அடுத்த பிஎச்டி விண்ணப்பத்துக்கு உதவும்.