கூப்பிட்டால் திரும்பாத குட்டிக்கு ஒரு வீடு

ஐந்து நாய்க்குட்டிகளில் நான்கு, சோற்றுத் தட்டைக் கீழே வைக்கும் சத்தத்துக்கே ஓடி வந்துவிடும். ஒன்று மட்டும் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருக்கும். மற்றவை அதை மிதித்துக்கொண்டு ஓடும்போதுதான் விழித்துக்கொண்டு பின்னால் வரும். 'இது கொஞ்சம் மந்தம்' என்பார்கள் வீட்டில். காது கேட்காத குட்டி பெரும்பாலும் முதலில் வாங்கும் பெயர் அதுதான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்த ராஜபாளையம் இனத்திலேயே இந்தக் குறை உண்டு. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று எதைப் பார்த்து ஆசைப்படுகிறார்களோ, அந்த வெள்ளைக்கும் காதுக்கும் தொடர்பு இருக்கிறது. நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து, பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடுகின்றன. புள்ளி போட்ட டால்மேஷியனில், அமெரிக்க ஆய்வுகளின்படி, நூற்றுக்குச் சுமார் முப்பது நாய்களுக்கு ஒரு காதிலோ இரண்டிலுமோ கேட்பதில்லை. தெருவில் பிறந்த குட்டியாக இருந்தாலும், தலையும் காதும் முழு வெள்ளை என்றால் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

சோதிக்க அவசரம் வேண்டாம். குட்டியின் காது திறக்கவே இரண்டு வாரம் ஆகும். ஐந்து வாரம் முடிந்த பிறகு, தூங்கும் நேரமாகப் பார்த்து, மற்றக் குட்டிகளை அப்புறப்படுத்திவிட்டு, அதன் முதுகுப் பக்கமிருந்து விசில் அடிக்கலாம், சாவிக்கொத்தைக் குலுக்கலாம். கிட்டே போய்க் கைதட்டினால் காற்று படும், காலைத் தட்டினால் தரை அதிரும், இரண்டுமே ஏமாற்றிவிடும். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்க்க வேண்டும். ஒரு காது கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் பெரிய நஷ்டமில்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில்தான் அது கொஞ்சம் குழம்பும்.

அடுத்தது மருத்துவர். சீழ், உண்ணி, அழுக்கு அடைப்பு என்றால் மருந்தில் தீரலாம். பிறவிக் குறைக்கு மருந்தில்லை. கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. கூடுதல் கருத்து வேண்டுமென்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கைமாற்றக் கூடாது. விற்பனைக்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் வயதும் அதுதான். இந்தக் குட்டிக்கு அது இன்னும் முக்கியம்: கடிபட்ட உடன்பிறப்பு 'வீல்' என்று கத்துவது இதற்குக் கேட்காது. கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகும்.

காத்திருக்கும் வாரங்களில் பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் முடிந்துவிடும். கூடவே நான்கு சைகைகளைப் பழக்கலாம்: வா, உட்கார், வேண்டாம், சபாஷ். சபாஷுக்குக் கட்டை விரலை உயர்த்தி, உடனே ஒரு துண்டு இட்லி. எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. எப்போதும் தோளில் ஒரே இடத்தில் மெல்லத் தொட்டு, கண் திறந்ததும் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். திடுக்கிட்டு எழுந்து கடிக்கும் பழக்கம் வராமலிருக்க இதுதான் வழி. இரவில் டார்ச்சை இரண்டு முறை அணைத்து ஏற்றினால் 'வா' என்று பொருள். ஒரு வாரத்தில் இதைப் பிடித்துக்கொள்ளும் குட்டியை 'மந்தம்' என்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இனி வீடு. வாட்ஸ்அப்பில் படம் போடும்போது முதல் வரியிலேயே 'காது கேட்காது' என்று எழுதிவிட வேண்டும். மறைத்துக் கொடுத்த குட்டி பத்தாம் நாள் கடற்கரையிலோ மீன் மார்க்கெட்டிலோ கிடக்கும். நல்லதையும் சேர்த்து எழுதலாம்: தீபாவளி வெடிக்குத் மற்ற வீட்டு நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் பதுங்கும்போது, இது பாட்டுக்குத் தூங்கும்.

முதலில் போன் செய்து 'ஐயோ பாவம்' என்பவரை நம்பிவிடக் கூடாது. பரிதாபம் ஒரு மாதம் தாங்கும்; கேட்டும் காம்பவுண்டுச் சுவரும் பன்னிரண்டு வருஷம் தாங்கும். ஆகவே வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதே சரி. கடலூர் லாரன்ஸ் சாலையிலோ, சிதம்பரம் தேரோடும் வீதிகளிலோ, வாசல் நேராக ரோட்டில் திறக்கும் வீடு இந்தக் குட்டிக்கு ஆகாது. பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன் அதற்குக் கேட்காது. இரண்டு வீதி உள்ளே தள்ளி, சுற்றுச்சுவரும், மூடிய கேட்டும், பகலில் ஒரு ஆளும் இருக்கிற சின்ன வீடு மேல். சாதுவான பெரிய நாய் ஒன்று ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேட்கிற நாயைப் பார்த்து இது நடந்துகொள்ளும். தோப்புக் காவலுக்கு, பங்களாக் காவலுக்கு என்று கேட்பவர்களிடம் மறுத்துவிட வேண்டும். கேட் திறக்கும் சத்தம் கேட்காத நாய் எப்படிக் காவல் காக்கும்? கடைசியில் வசவு வாங்குவது நாய்தான். தவழும் குழந்தை உள்ள வீட்டையும் இப்போதைக்குத் தவிர்க்கலாம்.

வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சைகையைக் காட்டுவார்களா என்பதையும் பார்க்க வேண்டும். தாத்தா ஒரு விதம், பேரன் ஒரு விதம் என்றால் குட்டி எதையும் நம்பாது. சைகைகளைப் படம் வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்லலாம்.

கொடுக்கும் நாளில் தடுப்பூசி அட்டையும் போக வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான் என்பதால், அந்தத் தேதியை வட்டமிட்டுக் கொடுப்பது உத்தமம். அதுவரை விளையாட்டுப் பல் பட்டாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். பெல்ட்டில் 'காது கேட்காது' என்ற வார்த்தையும் ஒரு போன் நம்பரும் அவசியம். கேட்டுக்கு வெளியே கயிறு இல்லாமல் விடக் கூடாது, ஒரு நாள்கூட.

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்: முதல் இரண்டு வாரம் பழகிப் பார்ப்பதற்கு, ஒத்துவராவிட்டால் குட்டி கொடுத்தவரிடமே திரும்ப வர வேண்டும், தெருவுக்குப் போகக் கூடாது. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வாய்மொழியாகவும் சொல்லிவிடலாம். கையெழுத்துப் போடத் தயங்குகிறவருக்குக் குட்டியைக் கொடுக்காதீர்கள். இன்னொரு வாரம் சாக்கிலேயே தூங்கட்டும்.