ஐபிவி6-ஐ அணைத்த கணினியில் டனல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: லினக்ஸில் ஐபிவி6-ஐ அணைக்க ஒரே வழிதான்.

உண்மை: முக்கிய வழிகள் மூன்று, விளைவுகளும் வேறு வேறு. கர்னலைக் கம்பைல் செய்யும்போதே விலக்கினால் ஐபிவி6-க்கான நிரலே இருக்காது. பூட் அளவுருவால் அணைத்தால் நிரல் இருக்கும், ஆனால் ஐபிவி6 சாக்கெட் திறக்காது. கேட்ட மென்பொருளுக்கு 97 என்ற பிழை எண் திரும்பும். இயங்கும் கர்னலின் அமைப்பில் அணைத்தாலோ சாக்கெட் திறக்கும், இடைமுகத்தில் முகவரி மட்டும் ஏறாது.

நம்பிக்கை: கர்னலில் ஐபிவி6 கம்பைல் ஆகியிருந்தால் டனல் அதை நம்பித் தொடங்கலாம்.

உண்மை: இந்த எண்ணமே லினக்ஸின் விஎக்ஸ்லான், ஜெனீவ் டனல்களைக் கவிழ்த்தது. ஓபன் விஸ்விட்ச் போன்றவை பயன்படுத்தும் மெட்டாடேட்டா முறையில், சேருமிடம் ஒவ்வொரு பாக்கெட்டோடும் தனித்தனியாக வரும். அது எந்த வகை முகவரி என்பது முன்கூட்டித் தெரியாததால் டனல் ஐபிவி4, ஐபிவி6 என இரண்டு சாக்கெட்டுகளையும் திறக்கப் பார்க்கும். பூட் அளவுருவால் ஐபிவி6 அணைந்த கணினியில் ஐபிவி6 சாக்கெட் தோற்றது. ஐபிவி4 நலமாக இருந்தும் டனல் முழுவதும் எழ மறுத்தது. திருத்தம் சிறியது: இந்த முறையில் மட்டும், அந்த 97-ஆம் பிழையை மட்டும் பொறுத்துக்கொண்டு ஐபிவி4-உடன் தொடர்வது. ஜெனீவுக்கு இது 2019-இல் வந்தது. எல்லாப் பிழைகளையும் விழுங்கியிருந்தால் உண்மையான கோளாறுகளும் மறைந்திருக்கும். ஐபிவி6 முகவரியையே குறிப்பிட்டு அமைத்த டனல் தோற்பதுதான் சரி.

நம்பிக்கை: வயர்கார்டு விபிஎன்னைத் தொடங்கும்போது ‘பர்மிஷன் டினைடு’ என்று வந்தால் ரூட் அதிகாரம் போதவில்லை.

உண்மை: ரூட்டாக இயக்கினாலும் அதே செய்தி வரலாம். இயங்கும் கர்னலில் ஐபிவி6 அணைந்திருக்க, அமைப்புக் கோப்பின் முகவரி வரியில் ஐபிவி6 முகவரி இருந்தால் கர்னல் அதை ஏற்காது. வயர்கார்டைத் தொடங்கும் டபிள்யூஜி-குயிக் கருவி உடனே, தான் உருவாக்கிய இடைமுகத்தையும் நீக்கிவிடும். அந்த முகவரியையும், அனுமதித்த முகவரிகளில் உள்ள ஐபிவி6 பகுதியையும் எடுக்க வேண்டும். அல்லது அந்த ஒரு இடைமுகத்துக்கு மட்டும் ஐபிவி6-ஐத் திறந்துவிடலாம்.

நம்பிக்கை: விபிஎன் கசிவைத் தடுக்க ஐபிவி6-ஐ அணைத்தே ஆக வேண்டும்.

உண்மை: ஐபிவி4-ஐ மட்டும் ஏற்றிச் செல்லும் விபிஎன்னில் கசிவு நிஜம், 2014-இல் வெளியான ஆர்எஃப்சி 7359 இதைத்தான் எச்சரித்தது. ஆனால் ஐபிவி6 போக்குவரத்தையும் டனலுக்குள் திருப்பலாம், அல்லது ஃபயர்வாலில் தடுக்கலாம். அணைப்பதும் எப்போதும் முழுமையாகாது: விண்டோஸில் அடாப்டர் பண்புகளில் உள்ள ஐபிவி6 டிக்கை எடுப்பது, டனல் இடைமுகங்களில் ஐபிவி6-ஐ அணைக்காது.